நேர்கோடும் சாய்கோடும்: கடைசற் பொறியின் வரலாற்றில் ஒரு துணைக்கருவி

தமிழிற் 'கடைதல்' என்னும் வினை இருவேறு தொழில்களைக் குறிக்கும். மத்தைக் கயிற்றாற் சுழற்றித் தயிரிலிருந்து வெண்ணெய் எடுத்தலும் கடைதலே. மரத்தையோ தந்தத்தையோ சுழலவிட்டு உளியால் உருவங் கொடுத்தலும் கடைதலே. தண்டிற் சுற்றிய கயிற்றை இருபுறமும் மாறிமாறி இழுத்தல் என்னும் ஒரே செயலே இரண்டுக்கும் அடிப்படையாக இருந்தது என்பதை நோக்கின், ஒரு சொல் இரு தொழில்களுக்கும் பொதுவானமை வியப்பன்று. எகிப்தில் பெற்றோசிரிஸ் என்பவரது கி.மு. 300 அளவைச் சேர்ந்த கல்லறையிற் கடைசற்காரர் இருவர் செதுக்கப்பட்டுள்ளனர். ஒருவர் கயிற்றை இழுக்கிறார். மற்றவர் உளியைப் பிடித்திருக்கிறார். சுழற்றும் விசை ஒருவருடையது. உருவத்தைத் தீர்மானிக்கும் கை மற்றவருடையது. இவ்விரண்டாவது கைக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கைத்தொழிற் புரட்சி பற்றிய நூல்கள் நீராவிப் பொறிக்கும் நூற்பொறிக்கும் தரும் இடத்தை, அவற்றை ஆக்கிய பொறிகளுக்குத் தருவதில்லை. தந்தாலும் புகழ்பெற்ற ஒருவரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. சிறியதொரு துணைக்கருவியை, அதாவது பழைய உலோகக் கடைசற் பொறிகளிற் கூம்புச் சாய்வு கடைவதற்கெனப் பின்னர் பொருத்தப்பட்ட ஒரு சட்டத்தை, முன்வைத்து அவ்வரலாற்றை மீள நோக்குதல் பயனுடையது எனக் கருதுகின்றோம்.

கூம்புச் சாய்வு என்பது யாது? ஓர் உருளையின் விட்டம் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறைந்து செல்லுமாயின் அது கூம்புச் சாய்வுடையது. பட்டறைகளில் இதனை 'ரேப்பர்' என்பர். நாகசுரத்தின் உட்டுளை மேலிருந்து கீழாக விரிந்து செல்வது நாமெல்லாம் அறிந்த எடுத்துக்காட்டு. கையால் உளியைப் பிடித்துக் கடைபவருக்கு நேருருளையும் கூம்பும் ஏறத்தாழ ஒரே அளவு கடினமானவை. கை எத்திசையிலும் செல்லும். கண் காட்டும் வழியே உளி போகும். சாய்கோடு அவருக்குத் தனியான சிக்கல் அன்று. உண்மையில், துல்லியமான நேர்கோடே கைக்கு எட்டாதிருந்தது.

இந்நிலையை மாற்றியது நகரும் உளிதாங்கி. உளியைக் கையிலிருந்து வாங்கி, பொறியின் நீளத்திற்கு இணையாக நகரும் ஒரு தாங்கியில் இறுகப் பூட்டுவதே இதன் தத்துவம். இப்பெருமை பெரும்பாலும் ஆங்கிலேயரான ஹென்றி மோட்ஸ்லிக்கே அளிக்கப்படுகின்றது. 1771இல் வுலிச்சிற் பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதிலேயே அங்குள்ள படைக்கலச் சாலையில் வேலைக்கமர்ந்தவர். பின்னர் பூட்டுச் செய்வதிற் பெயர்பெற்ற ஜோசப் பிரமாவின் பட்டறையில் மேற்பார்வையாளராக உயர்ந்தார். வாரத்திற்கு 30 சிலிங் ஊதியம் பெற்றுவந்த அவர், ஊதிய உயர்வு மறுக்கப்பட்டமையால் 1797இல் விலகித் தனிப்பட்டறை நிறுவினார். 1800ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த திருகுபுரி வெட்டும் கடைசற் பொறி இத்துறையில் ஒரு மைற்கல் என்பதில் ஐயமில்லை.

ஆயின் உளிதாங்கி அவரது தனிப் படைப்பன்று. 1480 அளவைச் சேர்ந்த ஜேர்மானியக் கையெழுத்துச் சுவடியொன்றிலேயே உளியைப் பூட்டிய தாங்கியுடன் கூடிய கடைசற் பொறி வரையப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் வோக்கான்சோன் உலோகச் சட்டங்களின்மீது உளிதாங்கி நகரும் பொறியொன்றை அமைத்தார். 1961இல் வெளிவந்த றொபேட் வூட்பரியின் கடைசற் பொறி வரலாறு, பலநாட்டவரின் தொடர்ச்சியான முயற்சியையே காட்டுகின்றது. மோட்ஸ்லி செய்தது சிதறிக்கிடந்த கூறுகளை உறுதியும் துல்லியமும் உடைய ஒரே பொறியில் ஒன்றுசேர்த்தமையே.

அதன் சமூக விளைவு சிறிதன்று. போட்ஸ்மத் கடற்படைத் தளத்திற் கப்பற் கப்பிகளைச் செய்வதற்கென மார்க் புரூனல் வகுத்த 45 பொறிகளை மோட்ஸ்லி ஆக்கிக் கொடுத்தார். 110 தேர்ந்த தொழிலாளர் செய்துவந்த வேலையைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்யலாயினர். 1808இல் அங்கு ஆண்டுக்கு 130,000 கப்பிகள் உற்பத்தியாயின. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் கார்ல் மார்க்ஸ் இவ்வுளிதாங்கியைக் குறிப்பிட்டு, அது குறித்த ஒரு கருவிக்கன்றி மனிதனின் கைக்கே மாற்றீடாக வந்தது எனக் கூறினார். இக்கூற்று ஆழமானது. எனினும், கையின் எல்லா ஆற்றலையும் பொறி ஒரேயடியாகப் பெற்றுவிட்டதா என்னும் வினா இங்கு எழுகின்றது.

பெறவில்லை என்பதே விடை. உளிதாங்கி கையிடமிருந்து பெற்றது நேர்கோட்டை மட்டுமே. பொறியின் படுகை நேரானது. அதன்மேற் செல்லும் உளியும் நேராகவே செல்லும். கைக்கு அரிதாயிருந்த நேருருளை பொறிக்கு எளிதாயிற்று. கைக்கு இயல்பாயிருந்த சாய்கோடோ பொறிக்கு அரிதாயிற்று. கையின் சுதந்திரத்தை மொத்தமாக விட்டுக்கொடுத்தே துல்லியம் பெறப்பட்டது. விட்டுக்கொடுத்ததைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுவதற்கு அடுத்த நூற்றாண்டு முழுவதும் துணைக்கருவிகள் பல வேண்டியிருந்தன.

இக்காலத்திலேயே கூம்புச் சாய்வின் தேவையும் பெருகிற்று. கப்பலின் தண்டுமுனையிற் சுழல்விசிறியை இறுகப் பொருத்துவதற்கும், துறப்பண அலகைப் பொறியிற் செருகுவதற்கும் கூம்பே உகந்தது. மென்சாய்வுள்ள கூம்பொன்றை அதற்கிசைந்த துளையிற் செருகினால், உராய்வினாலேயே அது இறுகிக்கொள்ளும். பின்னிருந்து தட்டினாற் கழன்றுவிடும். ஐக்கிய அமெரிக்காவில் ஸ்ரீபன் மோர்ஸ் என்பவர் முறுக்கு வடிவத் துறப்பண அலகுக்கு 1863இற் காப்புரிமை பெற்றார். அதற்கடுத்த ஆண்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்து நியூ பெட்போட்டில் அவரது பெயராற் கம்பனியொன்று நிறுவப்பட்டது. அவர் பெயரால் வழங்கும் கூம்பளவுகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றின் சாய்வு ஓர் அடிக்கு ஏறத்தாழ 5/8 அங்குலம். ஆயின் எல்லா இலக்கங்களுக்கும் ஒன்றாக இல்லை. இரண்டாம் இலக்கத்திற்கு 0.59941 அங்குலம், மூன்றாவதற்கு 0.60235, நான்காவதற்கு 0.62326, ஐந்தாவதற்கு 0.63151. ஒழுங்கற்ற இவ்வெண்கள் திருத்தப்படாமலே நியமமாயின. உலகெங்கும் பரவிவிட்ட கருவிகளை எறிந்துவிட்டு, அழகிய எண்ணொன்றை நிலைநாட்டுதல் எளிதன்று.

இத்தகைய சாய்வைப் பழைய பொறியிற் கடைவதற்கு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையும் இருந்தது. உளியைத் தாங்கும் மேற்பகுதியைக் கோணத்திற்குத் திருப்பிக் கையால் நகர்த்துவது முதலாவது வழி. அப்பகுதியின் ஓட்டம் சில அங்குலங்களே ஆதலால் நீண்ட கூம்புக்கு இது உதவாது. மேலும் அதன் பாகைக் குறிகளை நம்பிக் கோணத்தை நுட்பமாக அமைத்தல் கடினம். ஒரு பாகையின் பத்திலொரு பங்கு பிழைத்தாலும், 3 அங்குல நீளத்தில் ஆரையில் அங்குலத்தின் ஆயிரத்தில் 5 பங்கு வழு நேரும். பொருளின் மறுமுனையைத் தாங்கும் வாற்பகுதியைப் பக்கவாட்டில் விலக்குவது இரண்டாவது வழி. இங்கு விலக்கும் அளவு பொருளின் நீளத்தைப் பொறுத்தது. அடிக்கு 0.6 அங்குலச் சாய்வு வேண்டுமாயின், 12 அங்குலப் பொருளுக்கு 0.3 அங்குலமும் 6 அங்குலப் பொருளுக்கு 0.15 அங்குலமும் விலக்கவேண்டும். நீளம் மாறுந்தோறும் கணக்கும் மாறும். முனைகள் சாய்ந்து நிற்பதால் அவற்றைத் தாங்கும் குழிகள் தேயும். துளையின் உட்புறத்தைக் கூம்பாகக் கடைய இம்முறை அறவே பயன்படாது.

இக்குறைகளைத் தீர்க்க எழுந்ததே கூம்புச் சாய்வுத் துணைக்கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்கக் கடைசற் பொறி உற்பத்தியாளர் இதனைத் தம் பொறிகளுக்கு வழங்கலாயினர். அதன் அமைப்பு எளிமையானது. படுகையின் பின்புறத்தில் வேண்டிய கோணத்திற்குத் திருப்பக்கூடிய நேர்ச்சட்டம் ஒன்று பூட்டப்படும். அச்சட்டத்தின்மேல் ஒரு சிறு கட்டை நகரும். உளியைக் குறுக்கே நகர்த்தும் பகுதி அக்கட்டையோடு இணைக்கப்படும். உளிதாங்கி நீளவாட்டிற் செல்லுகையிற் கட்டை சட்டத்தின் வழியே சென்று உளியைச் சிறிது சிறிதாகக் குறுக்கே இழுக்கும். ஆக, இரு நேர்கோட்டு அசைவுகள் சேர்ந்து ஒரு சாய்கோட்டைத் தருகின்றன. பொருளின் நீளம் எதுவாயினும் சாய்வு மாறுவதில்லை, உட்டுளையும் கடையலாம்.

இதனைப் பழைய பொறியொன்றிற் பொருத்துவதே தொழிலாளியின் அறிவைச் சோதிக்கும் வேலை. பழைய படுகைகள் பலவற்றின் பின்புறம் வார்த்தபடியே கரடாக இருக்கும். எனவே சட்டத்தைத் தாங்கும் இடத்தை முதலிற் சீவியோ அராவியோ மட்டப்படுத்தித் துளையிட்டுப் புரிவெட்டவேண்டும். குறுக்கு நகர்வைக் கட்டுப்படுத்தும் திருகைக் கழற்றிவிடவேண்டும். இல்லையேல் திருகு ஒருபுறமும் சட்டம் மறுபுறமும் இழுக்க, ஒன்றும் அசையாது. திருகைக் கழற்றினால் வெட்டின் ஆழத்தைக் கூட்டும் வழி அற்றுப்போம். அதற்கென மேற்பகுதியை 90 பாகை திருப்பிப் பயன்படுத்துவர். உள்ளொடுங்கி நீளும் திருகுடைய கருவிகளில் இத்தொல்லை இல்லை. உளியின் நுனி அச்சின் மட்டத்திற் சரியாக நிற்கவேண்டும். சற்றே ஏறினாலும் இறங்கினாலும் உண்மைக் கூம்பு கிடையாது, பக்கங்கள் வளைந்துவிடும். இணைப்புகளில் உள்ள தளர்வு வெட்டின் தொடக்கத்திற் சிறிது தூரத்தை நேராக்கிவிடும். ஆகவே உளியைப் பொருளுக்கு அப்பாலிருந்தே நகர்த்தித் தளர்வு நீங்கிய பின்னரே வெட்டவேண்டும். இறுதியிற் கூம்பின்மீது நீலச்சாயத்தை மெல்லப் பூசி, அளவுத்துளையிற் செருகித் திருப்பி, சாயம் எங்கே தேய்ந்தது எனப் பார்த்துச் சட்டத்தை மீண்டும் மயிரிழை திருப்புவர். பொறி கைக்கு மாற்றீடாக வந்தது என்கின்றோம். அப்பொறிக்குச் சாய்கோட்டைக் கற்பித்ததும், கற்றது சரியா எனத் தேர்ந்ததும் அதே கையும் கண்ணுமே.

இவ்வரலாற்றின் பிற்பகுதி நாம் அறிந்ததே. 1952இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் எண்களால் இயக்கப்படும் பொறி செயல்முறையிற் காட்டப்பட்டது. இன்று கணினி இயக்கும் கடைசற் பொறி இரு திசைகளிலும் ஒரேவேளையில் உளியை நகர்த்திக் கூம்பையும் வளைவையும் தானே வெட்டுகின்றது. அதற்குப் பின்சட்டம் வேண்டியதில்லை. மோட்ஸ்லியின் தாங்கி இழந்த சுதந்திரம் பொறிக்குத் திரும்பிவந்தது எனலாம். தொழிலாளிக்கு வந்ததா என்பது வேறு வினா. 1984இல் வெளியான நூலில் டேவிட் நோபிள், எண்வழி இயக்கம் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குத் தொழினுட்பச் சிறப்பு மட்டும் காரணமன்று, பட்டறைமீதான கட்டுப்பாட்டைத் தொழிலாளியிடமிருந்து முகாமைக்கு மாற்றும் நோக்கமும் காரணம் என வாதிட்டார். அவ்வாதத்தை முற்றாக ஏற்காதோரும், 'இப்பொறி எதைச் செய்கின்றது?' என்பதோடு நில்லாது 'எதை யாரிடமிருந்து வாங்குகின்றது?' என்றும் வினவக் கற்றுக்கொள்ளலாம்.

வரலாற்று மாணவராகிய நாம் மாற்றத்தை, பழையது போய்ப் புதியது வந்தது என எழுதிப் பழகிவிட்டோம். பட்டறையின் அனுபவம் வேறு. அங்கே பழையது போவதில்லை; அதன் முதுகில் ஒரு சட்டம் ஏறுகின்றது. காப்புரிமை ஏடுகள் புதுப்பொறி ஆக்கியோரின் பெயர்களைக் காக்கின்றன. ஐம்பது ஆண்டு உழைத்துத் தேய்ந்த பொறியின் பின்புறத்தை அராவி மட்டப்படுத்தி, அதனால் இயலாதிருந்த ஒன்றை இயலச் செய்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் இட்ட துளைகள் மட்டும் வார்ப்பிரும்பில் எஞ்சியுள்ளன. எழுத்தாவணங்களோடு அத்துளைகளையும் படிக்கக் கற்கும்போதே தொழினுட்ப வரலாறு மனிதரின் வரலாறாகும்.