இனாமும் மாமூலும்

நம் அன்றாடப் பேச்சில் வழங்கும் இனாம், மாமூல் என்னும் இரு சொற்களும் அரபு மொழி நமக்குத் தந்தவை. ‘இன்ஆம்’ என்றால் அருட்கொடை. ‘நிஃமத்’ பிறந்த வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. ‘மஃமூல்’ என்பது ‘அமல்’ என்பதன் வழி வந்தது. நடைமுறையில் உள்ளது என்பது அதன் பொருள். மனமுவந்து கொடுப்பது இனாம். கொடுத்தால்தான் கவனிப்பு என்றாகிவிட்டால் அது மாமூல். முன்னது பின்னதாக மாறுவது எப்படி என்பதற்கு அமெரிக்கப் புகைவண்டிகளின் வரலாறு தக்க சான்றாகும்.

அந்நாட்டில் 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1867இல் ஜார்ஜ் புல்மன் என்பவர் படுக்கை வசதியுள்ள வண்டிகளுக்கென ஒரு கம்பெனியை நிறுவினார். அவ்வண்டிகளில் ஏவல் செய்ய, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களையே அமர்த்தினார். மூட்டை தூக்குவது, படுக்கை விரிப்பது, பயணிகள் உறங்கும் வேளையில் அவர்களுடைய காலணிகளைத் துடைத்து மெருகேற்றுவது ஆகியவை அவர்களின் பணிகள். பயணிகள் பலர் அவர்களைச் சொந்தப் பெயரால் அழைக்கவில்லை. முதலாளியின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். அடிமையை ஆண்டானின் பெயரால் அழைக்கும் பழைய வழக்கத்தின் எச்சம் அது!

சம்பளமோ சொற்பம். குறையைப் பயணிகளின் இனாம் நிரப்பும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆகவே தாராளமாகக் கொடுப்பவருக்கு முகமலர்ந்த உபசாரம் கிடைத்தது. கொடாதவர் காத்திருக்க நேர்ந்தது. பணியாளரைக் குறை கூறுவதில் பயனென்ன? அவர் வீட்டு உலை அந்தக் காசில்தானே கொதித்தது!

1897இல் புல்மன் இறந்தபின், கம்பெனியின் தலைமைப் பொறுப்பு ராபர்ட் லிங்கனிடம் வந்தது. அடிமை முறைக்கு எதிராக நின்ற ஆபிரகாம் லிங்கனின் மூத்த மகன் இவர். 1915இல் அரசு அமைத்த தொழிலுறவு ஆணையத்தின் முன் இவரும் சாட்சியம் அளித்தார். அக்காலத்தில் பணியாளரின் மாதச் சம்பளம் 27.50 டாலர். தந்தையார் அறுக்க முனைந்த தளையின் ஒரு கண்ணி, மைந்தரின் கம்பெனியில் காசு வடிவில் எஞ்சியிருந்தது.

இனாமைச் சட்டத்தால் ஒழிக்கவும் முயன்றனர். வாஷிங்டன் மாநிலம் 1909இல் தடை விதித்தது. மிசிசிப்பி, அயோவா முதலிய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926க்குள் அச்சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. காசைத் தடுத்தனர், கூலியை உயர்த்தினார்களில்லை.

பணியாளர் கேட்டது வேறு. 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, நியாயமான ஊதியமும் வேலைநேர வரம்பும் வேண்டும் என்றனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின்பின் 1937இல் கம்பெனி உடன்பட்டுக் கையொப்பமிட்டது. மாதம் ஏறத்தாழ 400 மணியாக இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது, ஊதியமும் உயர்ந்தது.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். கூலி உழைத்தவரின் உரிமை. இனாம் கொடுப்பவரின் விருப்பம். உரிமையை விருப்பத்தின் கையில் ஒப்படைத்தால் உழைப்பவர் இரப்பவராகிறார். கொடுப்பவரோ தம்மை வள்ளல் என்று எண்ணிக்கொள்கிறார். நம் கடையிலும் வீட்டிலும் வேலை செய்வோருக்குப் பெருநாள் இனாம் கொடுக்குமுன், அவர்தம் கூலியை நிறைவாகக் கொடுத்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.