காதாற் படித்த கதை

கட்புலன் இழந்த ஒருவருக்கு வந்த கடிதத்தை அயலார் வாசித்துச் சொல்லும்போதே அதன் அந்தரங்கம் போய்விடுகிறது. புள்ளியெழுத்து நூல்கள் உண்டெனினும், வங்கிக் கடிதமும் செய்தித்தாளும் பெரும்பாலும் புள்ளியெழுத்தில் வருவதில்லையே! இக்குறையை நீக்க முயன்றோர் கதையை நாம் சிறிது நோக்குவோம்.

பேர்மிங்காம் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஃபூர்னியே டால்ப் 1914ஆம் ஆண்டளவில் 'ஒப்ரோபோன்' என்னும் பொறியை அமைத்தார். ஒளிக்கேற்ப மின்தடை மாறும் செலீனியத்தின் துணையால், அச்செழுத்து ஒவ்வொன்றும் வெவ்வேறு ஓசையாகக் காதில் விழும். 1918இல் மேரி ஜேம்சன் என்னும் கட்புலனற்ற மங்கை இதனால் வாசித்துக் காட்டினார். அன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல்லே! விடாது பயின்று பின்னர் 60 சொல் வரை எட்டினார். பொறியைப் புகழ்வோர் பலர் இவரை மறந்தனர், நாம் மறத்தலாகாது.

1976இல் அமெரிக்கர் ரே கேர்ஸ்வைல் வெளியிட்ட பொறி, ஓசையை விடுத்துச் சொல்லாகவே பேசிற்று. ஆயினும் அது தூக்கித் திரியக்கூடியதன்று.

ஜெருசலேமின் ஓர்காம் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'மைஐ 2' கருவியோ சுமார் 22 கிராம் நிறையுடையது. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் காந்தத்தால் ஒட்டுவது. விரல் சுட்டும் பக்கத்தைச் சிறு கமரா காண, செயற்கை நுண்ணறிவு அதனைக் காதோரம் வாசித்தது. வாசிப்பதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை; வேலை யாவும் கருவிக்குள்ளேயே முடிந்தது. வங்கிக் கடிதத்தின் செய்தியை அறிய அயலார் துணை வேண்டியிருக்கவில்லை. விலைதான் சில ஆயிரம் டொலர்! கையால் எழுதிய கடிதத்துக்கோ, அதன் பின்னும் அயலார் கண்ணே வேண்டியிருந்தது.