சத்தியக் கோலும் கழுத்து வளையமும்

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 தொகுதிகள். முதல் தொகுதி 1990-ல் வந்தது, கடைசி 2013-ல். நடுவில் 2007-ல் ஜோர்டன் இறந்துபோக, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்றை பிராண்டன் சாண்டர்சன் முடித்தார். இதில் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது போர்க்களம் இல்லை. ஒரு ஆளை மந்திரத்தால் எப்படிக் கட்டுவது, கட்டினவளை அந்தக் கட்டு எங்கே கைவிடும் என்பதுதான். (முக்கியமான முடிச்சுகள் சிலது இங்கே அவிழும். படிக்கப் போறவங்க இதோட நிறுத்திக்கலாம்.)

ஏஸ் செடாய் என்பவர்கள் சக்தியைக் கையாளத் தெரிந்த பெண்கள். வெள்ளைக் கோபுரம் அவர்களுடைய தலைமையகம். முழு உறுப்பினர் ஆகும் நாளில் சத்தியக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று சத்தியம் செய்யணும். உண்மையல்லாத சொல்லைப் பேசமாட்டேன். மனிதன் மனிதனைக் கொல்ல ஆயுதம் செய்து தரமாட்டேன். சக்தியை ஆயுதமாக்க மாட்டேன், இருளின் ஆட்களுக்கு எதிராகவோ, தன் உயிரையோ தன் காவலன் உயிரையோ சகோதரி உயிரையோ காக்கும் கடைசிக் கட்டத்திலோ தவிர. காலவரிசைப்படி முதலில் வந்தது ஆயுதம் பற்றிய சத்தியம். பழைய பெரும் போருக்குப் பிந்தைய எதிர்வினை அது.

இது வெறும் வாய்ச் சத்தியம் கிடையாது. மீறணும் என்று நினைத்தாலும் நாக்கு எழும்பாது. நோக்கம் என்னவோ நல்லதுதான்: இவ்வளவு சக்தி உள்ளவர்களை ஊர் நம்பணுமே! ஆனால் நடந்தது தலைகீழ். பொய் சொல்ல முடியாதவர்கள் உண்மையை வெட்டி ஒட்டுவதில் தேர்ந்துவிட்டார்கள். ஏஸ் செடாய் சொல்லும் உண்மை நீ நினைக்கிற உண்மையாக இருக்காது என்பது அந்த உலகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அசுவத்தாமன் விஷயத்தில் தருமரை ஒரே ஒரு நாள் செய்ய வைத்ததை இவர்கள் தினமும் செய்கிறார்கள்.

இதற்கு நிஜ வரலாற்றில் நெருங்கின ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியாரை வீட்டில் ஒளித்து வைப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம். ‘பாதிரியார் யாராவது இருக்காரா?’ என்று சத்தியம் வாங்கிக் கேட்டால் என்ன சொல்வது? ஏசு சபையினர் இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, இரட்டை அர்த்தம் வரும்படி பேசுவது. இன்னொன்று, பாதி வாக்கியத்தை வாயால் சொல்லி மீதியை மனசுக்குள் முடிப்பது: ‘இல்லை’ என்று வாய் சொல்லும், ‘உங்களிடம் சொல்லக் கடமைப்பட்ட வகையில்’ என்று மனசு முடிக்கும். ஹென்றி கார்னெட் என்ற பாதிரியார் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வெடிமருந்துச் சதிக்குப் பிறகு 1606-ல் நடந்த அவருடைய விசாரணையில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் இந்தக் கொள்கையையே பிடித்துக்கொண்டு அவரைக் கிழித்தார். அதே வருடம் மே மாதம் கார்னெட்டைத் தூக்கில் போட்டார்கள்.

ஏஸ் செடாய்க்கு இரண்டாவது வழி அடைப்பு. கோல் கட்டுவது சொல்லப்பட்ட சொல்லை; மனசுக்குள் வைத்த மீதி உதவாது. மிச்சம் இருப்பது இரட்டை அர்த்தம் மட்டும். கார்னெட் பட்ட பாட்டில் பாதியாவது இவர்களுக்கும் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை: எவ்வளவு கவனமாகப் பேசுகிறார்களோ அவ்வளவு சந்தேகம்.

மூன்றாவது சத்தியத்தைத் தாண்டுவது இன்னும் கெட்டிக்காரத்தனம். உயிருக்கு ஆபத்து என்றால் சக்தியை வீசலாம் இல்லையா? அப்போ ஆபத்துக்குள் நாமே போய் நின்றால் போச்சு. ‘லார்ட் ஆஃப் கேயாஸ்’ நாவலின் கடைசிப் போரில், பின்னால் பாதுகாப்பாக இருங்கள் என்று சொன்னதைக் கேட்காமல் சில சகோதரிகள் நேரே சண்டையின் நடுவுக்குப் போகிறார்கள். வீரம் என்று நினைத்தால் அதற்குள் சட்ட நுணுக்கம் இருக்கிறது. அவர்கள் அபாயத்தில் இருப்பதாக அவர்களே நம்பணும், அவ்வளவுதான் கோலுக்குத் தேவை.

இந்த ‘நம்பணும்’ என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்ததுக்கு வருகிறேன். கடல் கடந்து வரும் சான்சான் பேரரசு சக்தியுள்ள பெண்களுக்கு அடாம் என்ற கழுத்து வளையம் மாட்டி வைத்திருக்கிறது. வளையத்திலிருந்து சங்கிலி, மறுமுனையில் காப்பு. காப்பு அணிந்தவள் சுல்டாம், வளையம் மாட்டப்பட்டவள் டமானே. இரண்டாம் தொகுதியில் எக்வேன் இதில் சிக்குகிறாள். மேசையில் ஒரு ஜாடி. அதை எடுத்து சுல்டாமின் மண்டையில் போடலாம் என்று நினைத்த நொடியே கை மடங்கிக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றத்தான் எடுக்கிறேன் என்று மனசு உண்மையாகவே நம்பினால் ஒழிய ஜாடியைத் தொட முடியாது. எது ஆயுதம் என்று வளையம் தீர்மானிக்கவில்லை. அவளுடைய எண்ணமே தீர்மானிக்கிறது.

கோலும் அப்படித்தானே! எது உண்மை, எது ஆபத்து என்று சத்தியம் செய்தவளின் மனசைத்தான் கேட்கிறது. காவலாளியை வெளியே நிறுத்தாமல் கைதியின் தலைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரே பூட்டு இரண்டு விதமாகத் திறக்கிறது. ஏஸ் செடாய் தன் நம்பிக்கையை ஆபத்தின் பக்கம் நகர்த்தி வழி கண்டுபிடிக்கிறாள். எக்வேனோ தப்பிக்க நினைப்பதையே மறந்தால்தான் ஒரு ஜாடியைத் தூக்க முடியும். அடிமைத்தனம் பழகிப்போவது எப்படி என்பதை நாவலாசிரியர்கள் வேறு யாரும் இவ்வளவு சின்னப் பொருளை வைத்துக் காட்டி நான் படித்ததில்லை.

ஜோர்டன் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன்காரர். அடிமைகளைக் கூலிக்கு விட்டால் அவர்கள் செம்புத் தகடு அணியவேண்டும் என்று சட்டம் வைத்திருந்த ஊர் அது. தொழில், எண், வருடம் எல்லாம் பொறித்த அந்தத் தகடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. டமானேயின் வளையம் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகடுகள்தான் ஞாபகம் வரும்.

சான்சான் அமைப்பைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு பொய். டமானே பிறவியிலேயே ஆபத்தானவள், சுல்டாம் சாதாரண மனுஷி என்பது அது. ஃபால்மி நகரத்தில் நைனீவும் எலேனும் ஒரு சுல்டாமைப் பிடித்து வளையம் மாட்டிப் பார்க்கிறார்கள். அவளையும் பிடிக்கிறது! காப்பைப் போட முடிந்தவள் எவளும் சக்தியைக் கற்றுக்கொள்ளக்கூடியவள்தான். இந்த வளையத்தை முதலில் செய்து படையெடுத்து வந்தவர்களிடம் கொடுத்ததும் டெய்ன் என்ற ஏஸ் செடாய்தான். அவள் கழுத்திலும் அது ஏறியது.

கட்டுகளை உடைத்தவர்களில் எனக்குப் பிடித்தவள் வெரின். கறுப்பு அஜா என்ற ரகசியக் கூட்டம் மூன்று சத்தியங்களையும் கழற்றிவிட்டு, இருளின் தலைவனுக்கு வேறு சத்தியம் செய்தவர்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பதும் அதில் உண்டு, ‘என் மரண வேளை வரை’ என்ற வார்த்தையோடு. வெரின் சுமார் 70 வருடம் அவர்களுக்குள் இருந்து பெயர் பெயராகக் குறித்து வைக்கிறாள். 2009-ல் வந்த ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ நாவலில் எக்வேனின் அறைக்கு வந்து, அவள் உடையின் நிறத்தைப் பற்றி ஒரு அப்பட்டமான பொய் சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியமே வாக்குமூலம்: நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். அப்புறம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறாள். தேநீரில் விஷம். மெல்லக் கொல்லும் விஷம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொடுக்கும். சத்தியம் அனுமதித்த வேளையை அவளே வரவழைத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டியலை வைத்து எக்வேன் எல்லாரையும் மறுபடி கோலைப் பிடித்து சத்தியம் செய்யச் சொல்கிறாள். நான் இருளின் ஆள் இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பாதவர்கள் அங்கேயே பிடிபட்டார்கள்.