அபிவிருத்தியும் ஆதிக்குடிகளும்
நாலந்தா கெடிகே முதல் மன்னார்க் காற்றாலை வரை ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நாலந்தா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. சாலையிலிருந்து சற்று உள்ளே சென்றால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் முழுவதும் கல்லாலான பழைய கோயிலொன்றைக் காணலாம். அதுவே நாலந்தா கெடிகே. பல்லவர் காலக் கற்றளிகளை நினைவூட்டும் அமைப்பும், பௌத்த வழிபாட்டுக்கேற்ற உள்ளமைவும் ஒன்றாகப் பொருந்திய இக்கட்டடத்தைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் கருதுவர். இலங்கைத் தீவின் நடுமையம் இவ்விடமே என்ற நம்பிக்கையும் மக்களிடையே உண்டு. திராவிடச் சிற்ப மரபும் மகாயான பௌத்தமும் கைகோத்த காலத்தின் சான்றாக வரலாற்று மாணவர் இதனைப் போற்றுவர்.

ஆயின், இன்று நாம் காணும் கெடிகே அதன் ஆதி இடத்தில் நிற்கவில்லை. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் நீர்த்தேக்கப் பணிகளால் அது நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1975ஆம் ஆண்டில் அதனை இடம்மாற்றும் பணி தொடங்கியது. கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்ட அக்கோயில், 1980ஆம் ஆண்டில் நீர் எட்டாத இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு நாடு தன் பழமைக்குக் காட்டிய மதிப்புக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

அதே திட்டம், அதே ஆண்டுகளில், வேறொன்றையும் இடம்மாற்றியது. அது கல்லன்று, ஒரு மக்கட் கூட்டம். மின்வலுவுக்காகவும் நீர்ப்பாசனத்துக்காகவும் மண்ணின் ஆதிக்குடிகள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும், காற்றிலிருந்து மின்னைப் பெற முயலும் இக்காலத்துக்கு அவ்வரலாறு தரும் பாடம் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாவலித் திட்டத்தில் மாத்தளை மாவட்டம் முக்கிய இடம் வகிக்கின்றது. 1976ஆம் ஆண்டில் பொல்கொல்லையில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டது. அங்கிருந்து சுரங்கவழி வரும் நீர் உக்குவளை மின்னிலையத்தைச் சுழற்றிச் சுது கங்கையில் விழுகின்றது. பின்னர் அம்பன் கங்கையைச் சேர்ந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து ஒரு பகுதி நீர் வடக்கே கலாவாவிப் பிரதேசத்துக்குத் திருப்பப்படுகின்றது. 30 ஆண்டுகளுக்கு எனத் திட்டமிடப்பட்ட பணியை 1977ஆம் ஆண்டின் பின் வந்த அரசாங்கம் ஆறே ஆண்டுகளில் முடிக்க முனைந்தது. ‘துரித மகாவலி’ என்ற பெயர் இதனாலேயே ஏற்பட்டது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, மாதுறு ஓயா ஆகிய அணைகள் பிரித்தானியா, சுவீடன், மேற்கு ஜேர்மனி, கனடா ஆகிய நாடுகளின் உதவியுடன் எழுந்தன. விக்டோரியா மின்னிலையம் மட்டும் 210 மெகாவாற்று ஆற்றலுடையது. இத்திட்டம் நாட்டுக்கு அளித்த நன்மையை மறுப்பதற்கில்லை. வினா, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதே.

விலை கொடுத்தோருள் வேடர் முக்கியமானவர். தம்மை அவர்கள் ‘வன்னியலெத்தோ’, அதாவது வனத்து மக்கள் என்றே அழைப்பர். வேடர் என்றதும் கிழக்கேயுள்ள காடுகளையே நாம் நினைப்பது வழக்கம். எனினும், மாத்தளையும் அவர்களின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ‘மாத்தளை கடயிம்பொத’ என்னும் எல்லை நூல், பலாபத்வல, ஹுலங்கமுவ, நிக்ககொட்டுவ முதலிய ஊர்களில் வேடர் தலைவர் இருந்தமையைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. பலாபத்வல, நாலந்தாவுக்குச் செல்லும் அதே சாலையில் உள்ள ஊராகும். மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர இச்சான்றுகளை எடுத்துக்காட்டி, வேடர் ஒரு காலத்தில் தீவின் பல பாகங்களிலும் பரந்து வாழ்ந்தனர் என்றும், சிங்களச் சமூகத்துடன் கலந்தும் உறவாடியும் வந்தனர் என்றும் நிறுவினார். 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் தமது நூலில் வேடரைப் பற்றி எழுதியுள்ளார். 1911ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றிய பெருநூலை வெளியிட்டபோது, அவ்வினம் அழிந்துகொண்டிருப்பதாகவே உலகம் கருதியது. ஆயினும் அவர்கள் அழிந்தொழியவில்லை. தம்பானையிலும் பொல்லெபெத்தையிலும், தமிழ் பேசும் வேடராக வாகரை, மூதூர்ப் பகுதிகளிலும் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இம்மக்களின் வாழ்வு காட்டைச் சார்ந்தது. வேட்டை, தேனெடுத்தல், கிழங்கு அகழ்தல், சேனைப் பயிர்ச்செய்கை ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, இறந்த முன்னோரை வழிபடும் சடங்குகளுக்கும் காடே களமாயிற்று. மாதுறு ஓயாவின் குறுக்கே புதிய அணை எழுந்தது. நீரேந்து பிரதேசத்தைக் காக்கவும், அபிவிருத்தியால் இடம்பெயர்ந்த வனவிலங்குகளுக்குப் புகலிடம் அளிக்கவும் 1983ஆம் ஆண்டு நவம்பரில் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டது. அன்றுவரை அக்காட்டில் வேட்டையாடியவன் அன்றுமுதல் குற்றவாளியானான். வேடர் குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டு, நெல்வயல் செய்யுமாறு பணிக்கப்பட்டன. முதுபெருந் தலைவர் திஸாஹாமி ஒருசில குடும்பத்தினருடன் வெளியேற மறுத்துத் தம்பானையிலேயே தங்கினார். 1998ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.

இங்கு ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. மாதுறு ஓயாவில் அணை கட்ட நிலத்தைத் தோண்டியபோது, முன்னோர் அதே இடத்தில் அமைத்த பழைய மதகொன்று வெளிப்பட்டது. பண்டைய நீரியல் அறிவின் அற்புதமென அது பாதுகாக்கப்பட்டது. நாலந்தாவில் கோயில் காக்கப்பட்டது. மாதுறு ஓயாவில் மதகு காக்கப்பட்டது. இரண்டும் செய்யத்தக்கனவே. ஆனால், அவ்விடத்தில் உயிரோடு வாழ்ந்த மக்களின் வாழ்க்கைமுறையைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் அதே அளவில் தோன்றவில்லை. கோயிலைப் பிரித்தெடுத்தவர்கள், மீண்டும் சேர்க்கும்போது எந்தக் கல்லின் மேல் எந்தக் கல் இருந்தது என்பதை அறிந்திருந்தனர். மக்களைப் பெயர்த்தெடுத்தபோது, எந்த உறவின்மேல் எந்த உறவு நின்றது என்பதை எவரும் கேட்கவில்லை.

வேடர் அதன் பின் வாளாவிருக்கவில்லை. 1996ஆம் ஆண்டில் அவர்களின் பிரதிநிதிகள் ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் முறையீட்டை வைத்தனர். 2007ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆதிக்குடிகளின் நிலத்தைத் தொடும் எத்திட்டத்துக்கும் அவர்களின் சம்மதம் வற்புறுத்தலின்றியும், முன்கூட்டியும், முழுத் தகவலுடனும் பெறப்பட வேண்டும் என்பது அப்பிரகடனத்தின் உயிர்நாடியாகும். எனினும், பொல்லெபெத்தைக் காட்டுப் பகுதி சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து, 2020ஆம் ஆண்டிலும் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. ஏட்டில் ஏற்ற கொள்கை காட்டை எட்டவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, காற்றை நோக்குவோம். காற்றின் வலுவைப் பயன்படுத்துவது இலங்கைக்குப் புதிதன்று. சமனலவாவி அணை நிரம்பு முன்னர் அப்பிரதேசத்தில் நிகழ்ந்த அகழாய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பண்டைய இரும்பு உலைகள் பல கண்டறியப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே அவ்வுலைகள் இயங்கின என்பதையும், அவற்றில் உயர்தர உருக்கு விளைந்தது என்பதையும் கில் ஜூலெவ் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாலந்தாவிற் சிற்பி கல் செதுக்கிய நூற்றாண்டுகளில், சமனலவாவிச் சரிவிற் கொல்லன் காற்றைக் கொண்டு இரும்பை உருக்கினான். அக்காற்றுலைகள் இருந்த இடத்தையும் ஈற்றில் ஒரு நீர்மின் திட்டமே மூடியது என்பது வரலாற்றின் முரணாகும்.

நீர்மின்னை மட்டும் நம்பியிருப்பதன் அபாயத்தை 1996ஆம் ஆண்டின் வறட்சியும் மின்வெட்டும் உணர்த்தின. பின்னர் நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் எழுந்தது. அதன் புகைக்கு மாற்றாகவே காற்றாலைகள் முன்வைக்கப்பட்டன. சோழகக் காற்று வீசும் மன்னார்த் தீவின் தென்கரையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று. மேலும் பெருந்திட்டமொன்றை முன்னெடுக்க வந்த அதானி கிறீன் நிறுவனம், விலை பற்றிய மறுபரிசீலனையின் பின்னணியில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மழைநீர் வடிந்தோடும் வழி அடைபடுதல், மீன்பிடிக்கு நேரும் இடர், வலசைப் பறவைகளின் வழி மறிக்கப்படுதல் என்பன அவர்களின் கவலைகளாகும். மன்னார் மக்கள் வேடரைப் போன்று ஆதிக்குடிகளென வகுக்கப்பட்டவரல்லர். ஆயினும், அவர்கள் எழுப்பிய வினா தம்பானையில் எழுந்த அதே வினாவே: எங்கள் மண்ணில் நிகழ்வதை எங்களைக் கேட்டுச் செய்தீர்களா?

இவ்வினாவுக்கு உலகில் இருவகை விடைகள் கிடைத்துள்ளன. நோர்வேயின் போசன் குடாநாட்டில், சாமி இன மக்கள் கலைமான்களை மேய்த்த நிலத்திற் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றின் அனுமதி சாமி மக்களின் பண்பாட்டுரிமையை மீறுவதால் செல்லுபடியற்றது என 2021ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்பு வருமுன்னரே காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. இணக்கப்பாடு ஏற்பட 2023, 2024ஆம் ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ, ஹென்வி இன்லெற் ஆதிக்குடி தன் சொந்த நிலச் சட்டத்தின்கீழ்த் தன் நிலத்தைக் குத்தகைக்கு அளித்து, தன் நிறுவனத்தின் மூலம் தனியார் நிறுவனமொன்றுடன் சரிபாதிப் பங்காளியாகச் சேர்ந்தது. 87 காற்றாலைகளைக் கொண்ட அந்த 300 மெகாவாற்றுத் திட்டம் 2019ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. நோர்வேயில் மக்கள் எதிர்மனுதாரராக நின்றனர். கனடாவில் உரிமையாளராக நின்றனர். காற்று இரண்டிடத்தும் ஒன்றே.

‘சிலருக்காகப் பலரின் நலனைக் கைவிடலாமா?’ என்பது அபிவிருத்தியாளர் வழமையாக எழுப்பும் தடையாகும். நீர்த்தேக்கத்தைப் பொறுத்தவரை இவ்வாதத்துக்கு ஓரளவு வலு இருந்தது. அணை கட்டத்தக்க இடங்கள் சிலவே. நீர் நிறைந்தால் நிலம் முழுவதும் மறையும். காற்றாலையின் இயல்பு வேறு. அதன் அடித்தளம் பிடிக்கும் நிலம் சிறிது. சுற்றுநிலத்திற் பயிரும் மேய்ச்சலும் தொடரலாம். ஓரிடம் பொருந்தாவிடின் கோபுரத்தைச் சற்று விலக்கி நாட்டலாம். 20, 25 ஆண்டுகள் வருமானம் தருவதாதலால், ஊருக்கு ஆண்டுதோறும் பங்களித்தலும் இயலும். ஆகவே, நீர்மின் காலத்திற் கூறப்பட்ட சமாதானம் காற்று மின் காலத்திற் செல்லாது. ‘அம்மக்களிடம் முதலீடு இல்லையே’ என்பது இரண்டாவது தடை. நிலமே முதலீடு என்பதை ஏற்றுக்கொண்டால் அத்தடை நீங்கும். அரசின் பிணையுடன் கடன் பெற்றுப் பங்கு வாங்கவும் வழியமைக்கலாம்.

உண்மையான சிக்கல் வேறொன்று. சமூகத்தின் சார்பிற் பேசுவோர் யாவர்? தம்பானைத் தலைவரின் சொல் வாகரை வேடரைக் கட்டுப்படுத்துமா? ஆணும் பெண்ணும், முதியோரும் இளையோரும் ஒரே கருத்தினரா? இவ்வினாக்களுக்குத் திட்டவரைபு முடிந்த பின் கூட்டும் ஒருநாட் கூட்டம் விடையாகாது. அவரவர் மொழியில், அவரவர் முறையில், மறுக்கும் உரிமையுடன் நிகழும் நீண்ட கலந்துரையாடலே விடையாகும். மறுக்கும் உரிமையில்லாத சம்மதம் வெறும் அறிவித்தலேயாகும்.

துரித மகாவலி காலத்தின் பெருங்குறை அதன் துரிதமே எனலாம். மக்களைக் கேட்டறியக் காலம் வேண்டும்; கோயிலைப் பிரித்துக் கட்டவும் காலம் வேண்டியிருந்தது. நாலந்தாவிற் கல்லுக்காக அக்காலம் ஒதுக்கப்பட்டது. இனி நாட்டப்படும் ஒவ்வொரு காற்றாலைக்கு முன்னும் மனிதருக்காக அக்காலம் ஒதுக்கப்படுமாயின், கெடிகேயின் இடமாற்றம் தொல்பொருளியற் சாதனையாக மட்டுமன்றி, ஒரு நாடு கற்றுக்கொண்ட முதற் பாடமாகவும் நினைக்கப்படும்.