அரோவில் எழுந்த கேள்வி

மறைந்த அறிஞர் ஒருவரின் பெயரால், உலக உளநலத் துறையில் ஆய்வு செய்யும் பட்ட மேற்படிப்பு மாணவர்க்கு நிதி நல்கும் நினைவு விருதுகள் பல்கலைக்கழகங்களில் நிறுவப்படுவதைக் காண்கிறோம். அந்நல்கை யார் கையைச் சேர வேண்டும் என்பதை உணர, ஆப்பிரிக்க உளமருத்துவ வரலாற்றின் ஒரு பகுதியை நாம் அறிந்துகொள்வது நலம்.

1953-இல் உலக சுகாதார நிறுவனம், ஜே.சி. கரோத்தர்ஸ் என்பவர் ஆப்பிரிக்கரின் மனம் குறித்து எழுதிய நூலை வெளியிட்டது. அவர் கென்யாவில் ஆங்கிலேய ஆட்சியின்கீழ் பணியாற்றிய மருத்துவர். ஆப்பிரிக்கர் தம் மூளையின் முன்பகுதியைக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர் என்றும், மனச்சோர்வு நோய் அவர்களிடையே அரிது என்றும் அந்நூல் கூறிற்று. ஆள்வோரின் எண்ணம் அறிவியலின் உடை தரித்து வந்தது எனலாம்.

மறு ஆண்டே நைஜீரியாவில் வேறொரு முயற்சி தொடங்கியது. பிரிட்டனில் உளமருத்துவம் பயின்று திரும்பிய தாமஸ் அடியோயே லாம்போ (1923–2004), தாம் பிறந்த அபியோகுட்டா நகரை அடுத்த அரோவில் மருத்துவமனைப் பொறுப்பேற்றார். நோயாளரைச் சுவர்களுக்குள் அடைக்காமல், சுற்றியிருந்த சிற்றூர்களில் குடியமர்த்தினார். உறவினர் ஒருவரேனும் உடன் தங்க வேண்டும் என்பது விதி. நோயாளர் மருத்துவமனைக்கு வந்து சிகிச்சை பெற்றனர். எஞ்சிய பொழுதில் ஊராருடன் வயலில் உழைத்தனர். மரபு மருத்துவர்களையும் லாம்போ தம் பணியில் இணைத்துக்கொண்டார்.

1961-இல் அவரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லெய்ட்டனும் இணைந்து யொரூபா மக்களிடையே கள ஆய்வு நிகழ்த்தினர். அதன் முடிவுகள் 1963-இல் நூலாயின. மனச்சோர்வு என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் யொரூபா மொழியில் இல்லை. ஆயின் அதன் அறிகுறிகளை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிகுறிகள் அங்கு அரியனவும் அல்ல. சொல் இன்மையால் துயரும் இல்லை என்று முடிவு கட்டுதல் எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

இருவரும் மருத்துவரே; இருவரும் ஆப்பிரிக்காவிலேயே பணியாற்றினர். ஒருவர், இம்மக்களிடம் என்ன குறை என்று கேட்டார். மற்றவர், இவர்கள் எவ்வாறு துன்புறுகின்றனர், எவ்வாறு தேறுகின்றனர் என்று கேட்டார். பின்னவர்க்கு அக்கேள்வியை அம்மண்ணின் மொழியும் வாழ்வும் தந்தன.

கரோத்தர்ஸின் நூலை வெளியிட்ட அதே நிறுவனம், 1973-இல் லாம்போவைத் தன் துணைத் தலைமை இயக்குநராக்கியது. இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

எனவே, உளநல ஆய்வுக்கு நிதி வழங்குவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நோயுற்றவரின் மொழியில் உரையாட வல்ல, அம்மண்ணிலேயே வாழ்ந்து பணியாற்றும் இளம் ஆய்வாளரிடம் அந்நிதி சென்று சேர வேண்டும். அவர் கேட்கும் கேள்வியை அயலார் கேட்பது அரிது. மறைந்தவர் பெயரை நிலைநிறுத்துவதற்கு இதனினும் தக்க வழி வேறில்லை என்பது நம் கருத்து.