ஜோஜிலாவில் தம்பிகள் வெட்டிய பாதை

மார்கழி விடியலில் சிவகாசிப் பக்கம் போனால், "ராத்திரி பனி ஜாஸ்தி" என்று யாராவது அலுத்துக்கொள்வது காதில் விழும். காற்றில் ஈரம் ஏறினால் தீக்குச்சி மருந்து உலரத் தாமதமாகும் அல்லவா? 1920களில் இங்கு தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு இவ்வட்டாரத்தின் வறட்சியும் ஒரு காரணம். நமக்குப் பனி என்றால் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். வெயில் ஏறினால் போய்விடும். இமயத்தில் மாதக்கணக்கில் சாலையை மூடிவிடும் வெண்பனிக்கும் நம் பேச்சில் இதே சொல்தான் வழங்குகிறது. சொல் ஒன்றாயினும் பொருள்கள் எவ்வளவு வேறு என்பதை, நம் தென்னாட்டுக்காரர்கள் சிலர் 1948-இல் நேரடியாகக் கண்டார்கள்.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்குக்குச் செல்லும் வழியில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஜோஜிலா கணவாய். 1948 கோடையில் பாகிஸ்தான் தரப்பினர் அதைக் கைப்பற்றியதால், லேயுடன் தரைவழித் தொடர்பு அறுந்தது. செப்டம்பரில் காலாட்படை நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை. குளிர்காலம் முற்றினால் அடுத்த கோடைவரை யாரும் ஏற முடியாது. அப்போது தளபதி திம்மையா ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். டாங்கிகளை மேலே ஏற்றுவது!

ஏற்றுவதற்குச் சாலை வேண்டுமே? பால்தாலிலிருந்து கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதைகள் போகும் தடம் மட்டும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம். அதை வண்டிப் பாதையாக்கும் வேலை மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் இரண்டு கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1780-இல் தோன்றிய இப்படையில் பெரும்பாலோர் தென்னிந்தியர்கள். இராணுவ வட்டாரத்தில் இவர்களைச் செல்லமாகத் "தம்பிகள்" என்றே அழைப்பது வழக்கம். வெயிலிலே பிறந்து வளர்ந்த தம்பிகள், பனி விழத் தொடங்கிவிட்ட மலையில், எதிரியின் குண்டுகளுக்கு இடையே பாதையை அகலப்படுத்தினார்கள். போர் வரலாற்றில் துப்பாக்கி பிடித்தவர்களுக்குக் கிடைக்கும் இடம் கடப்பாரை பிடித்தவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இதற்கிடையே ஏழாம் குதிரைப்படைப் பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் இரகசியமாக ஸ்ரீநகர் வழியே கொண்டுவரப்பட்டன. அடையாளம் தெரியாதபடி மேற்கூண்டுகள் கழற்றப்பட்டன. பலமற்ற பாலங்களில் டாங்கிகளைக் கம்பிவடம் கட்டி இழுத்துக் கடத்தினார்கள். மோசமான வானிலையால் தள்ளிப்போன தாக்குதல் நவம்பர் 1 அன்று நடந்தது. அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பாராத எதிரி பின்வாங்கினான். நவம்பர் 24-இல் நம் படை கார்கிலில், லேயிலிருந்து வந்த படையுடன் கைகோத்தது.

சுமார் 15 டன் எடையுள்ள இரும்பு, பனியில் புதையாமல் எப்படி ஏறியது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எடை எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு பரப்பில் அது அமர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். டாங்கியின் அகன்ற சங்கிலித் தடம் எடையைப் பரப்பிவிடுவதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தமே விழுகிறது. இன்றைய சரக்கு லாரியின் டயரிலோ காற்றழுத்தமே ஆறேழு கிலோ இருக்கும். இஞ்சினுக்கும் அங்கே மூச்சுத் திணறும். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அக்காலப் பெட்ரோல் இஞ்சின் தன் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும்.

ஏறுவதைவிட நிற்பது கடினம். விருதுநகர்–சிவகாசிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தாரில் உராய்வுக் குணகம் 0.7 என்றால், பிரேக் பிடித்தபின் 9 மீட்டரில் வண்டி நின்றுவிடும். வழுக்கும் பனிக்கட்டியில் குணகம் 0.1 ஆகிறது, அதே வண்டி 63 மீட்டர் ஓடும்! கணக்கில் எடை வராததைக் கவனியுங்கள். பாரம் ஏற்றினால் பிடிமானம் கூடும், நிறுத்தவேண்டிய பொருண்மையும் அதே அளவில் கூடும். இன்னொரு விந்தை: கடுங்குளிரைவிட உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில்தான் பனிக்கட்டி அதிகம் வழுக்குகிறது, ஏனெனில் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது.

வண்டியை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? அதுவும் இல்லை. 2022 ஜனவரி 7 இரவு, பாகிஸ்தானின் மர்ரி மலைநகருக்குப் பனி பார்க்கப் போன ஆயிரக்கணக்கான வண்டிகள் புயலில் சிக்கின. குறைந்தது 22 பேர் இறந்தார்கள். பலர் தங்கள் கார்களுக்குள்ளேயே உயிரிழந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகக் கருதப்பட்டது. சூட்டுக்காக இஞ்சினை ஓடவிட்டு, கதவுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்கினால், புகைக்குழாயைப் பனி மூடியதும் புகை உள்ளே கசிகிறது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எனவே பனியில் சிக்கியவர் அடிக்கடி இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றவேண்டும். இஞ்சினைச் சிறிது நேரமே ஓட்டி அணைக்கவேண்டும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியை விரலளவு திறந்து வைக்கவேண்டும். சிவகாசியிலிருந்து சரக்கேற்றி வடக்கே போகும் நம்மூர் ஓட்டுநர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஜோஜிலாவுக்குத் திரும்புவோம். பனியோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்கு அடியில் போய்விடலாம் என்பது இன்றைய வழி. ஸ்ரீநகர்–லே சாலையில் 6.4 கிலோமீட்டர் நீளச் சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஜோஜிலாவின் அடியிலேயே 13 கிலோமீட்டருக்குமேல் நீளும் சுரங்கத்துக்கு 2020 அக்டோபரில் முதல் வெடி வைத்தார்கள். உள்ளே பனி விழாது. ஆனால் நூற்றுக்கணக்கான வண்டிகளின் புகை சேரும். ஆகவே அந்தச் சுரங்கத்துக்கென மலையின் உச்சிப் பக்கமிருந்து காற்றோட்டக் குழிகள் தோண்டி, இராட்சத விசிறிகளால் கார்பன் மோனாக்சைடை வெளியேற்றும் ஏற்பாடும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.