டைகர் மாத்: குதிக்க வழிவிட்ட விமானம்

கல்வராயன் மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் கள்ளக்குறிச்சி, அதையும் தாண்டினால் உளுந்தூர்பேட்டை. அங்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கு. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: அந்தக் காலத்துப் பையன்கள் விமானம் ஓட்ட எதில் கத்துக்கிட்டாங்க?

பெரும்பாலும் டைகர் மாத்தில்தான். ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த தொடக்கநிலைப் பயிற்சிப் பள்ளிகளில் இதுதான் பறந்தது.

இதைச் செய்தது இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி. அவர்களிடம் ஏற்கெனவே மாத் என்று ஒரு விமானம் இருந்தது. இரண்டு அடுக்கு இறக்கை, முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். சிக்கல் எங்கேன்னா, ஆசிரியரின் தலைக்கு மேலேயே பெட்ரோல் டேங்க், சுற்றிலும் இறக்கையைத் தாங்கும் கம்பிகள். பாராசூட்டை முதுகில் கட்டிக்கொண்டு அவசரத்தில் வெளியே குதிக்க முடியாது. விமானப்படை இதை ஏற்கவில்லை.

என்ன செய்தார்கள்? மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். அப்படிச் செய்தால் விமானத்தின் சமநிலை கெடும். அதனால் இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். டைகர் மாத் படத்தைப் பார்த்தால் தெரியும் அந்தச் சாய்வு, அழகுக்காக வைத்ததில்லை. ஒரு மனுஷன் உயிரோட வெளியே வரணும் என்பதற்காக வைத்தது. 1931 அக்டோபர் 26 அன்று முதல் முறை பறந்தது. அடுத்த வருஷமே விமானப்படைக்குப் போனது.

போர் வந்ததும் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. டி ஹாவிலண்டின் தொழிற்சாலையோ மொஸ்கிட்டோ போர் விமானத்துக்குத் தேவை. அதனால் வேலை கௌலியில் இருந்த மோரிஸ் கார் கம்பெனிக்குப் போச்சு. இரும்புக் குழாய், மரம், துணி, இவ்வளவுதான் மூலப்பொருள் என்பதால் கார் செய்பவர்களாலும் முடிந்தது. மூவாயிரத்துக்கும் மேல் அங்கேயே செய்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் தயாரித்தார்கள். மொத்தம் எட்டாயிரத்தைத் தாண்டும்.

பெங்களூரில் 1940-இலேயே ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கியாச்சு. ஆனாலும் நம்ம ஆட்களே வடிவமைத்த பயிற்சி விமானம் பறக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வி.எம். காட்கே குழுவின் எச்.டி.-2 அது. முழுக்க உலோகம், ஒற்றை இறக்கை. டைகர் மாத்தின் இடத்தை அதுதான் பிடித்தது.

அடுத்த முறை உளுந்தூர்பேட்டை வழியா போகும்போது, அங்கே வந்திறங்கிய பெரிய விமானங்களோடு இந்தத் துணி விமானத்தையும் நினைச்சுக்கோங்க.